வாசலில் நின்றவர்களின் கருத்து நோட்டு

கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு பேய் விளையாட்டு எழுதினேன். முடிக்கவில்லை. பேய் விளையாட்டு என்று பெயர்தானே தவிர அதில் பேயே கிடையாது. ஒரு தோட்டத்து வீடு, அதற்குள் மூன்று பேர், வாசலில் ஒருத்தர். அவ்வளவுதான். விளையாடிப் பார்த்தவர்கள் கருத்து எழுதுவதற்காக ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நூலில் பேனாவும் கட்டி கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விளையாட்டு இருந்த பிளாப்பி பூசணம் பிடித்துப் போய்விட்டது.

அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. என் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் "வா" என்று சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" சொல்லியாக வேண்டும். அப்பா சொல்லிவிட்டார், எனக்கென்ன என்று இருக்க முடியாது. குளித்துக்கொண்டிருந்தால் உள்ளே இருந்தபடியே குரல் கொடுக்க வேண்டும். வந்தவரும் யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேதான் உட்காருவார். என் அம்மாவின் பெரியப்பா ஒருத்தர் இருந்தார். ஒரு வீட்டு மருமகள் தலை பின்னிக்கொண்டிருந்தவள், வாயில் கொண்டை ஊசியைக் கடித்திருந்ததால் வாங்க சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு வருடம் அவர் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. கேட்டால் ஊசியைத் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பார்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு வாய் வாங்க சொல்லிவிட்டால் மற்ற வாய்கள் மூடியிருக்க முடியாது. ஆகாதவரே வந்திருந்தாலும், ஒருத்தர் கூப்பிட்ட பிறகு அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் கூப்பிட்டாக வேண்டும். அப்படிக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, அதிலேயே பகை தீர்ந்த குடும்பங்கள் உண்டு. எனக்கு இது நன்றாகத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருந்தது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். போத்தனூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்கள் ஆட்கள் இல்லை. ஆனைமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அன்றோடு அவள் பேச்சு நின்றது. அப்பா அவள் பெயரைச் சொல்லவில்லை, அம்மா அடுப்படியில் மட்டும் சொல்லிக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

நாய்தான் முதலில் பார்த்தது. குரைக்கவில்லை. எழுந்து ஓடிப்போய் அவள் சேலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கேட்டைத் திறந்து ஓரடி உள்ளே வைத்து, அங்கேயே நின்றாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு. ஆனாலும் கல்யாணமாகிப் போனவள் கூப்பிடாமல் உள்ளே வரமாட்டாள், அதுவும் அப்படிப் போனவள். அப்பா நாற்காலியில் பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து, கையில் அரிவாள்மனையில் அரிந்துகொண்டிருந்த பீர்க்கங்காயோடு அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் ஒரு பேசிக் புரோகிராமிங் புத்தகத்தை மடியில் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாக அவளும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நான் குனிந்து பக்கத்தைப் புரட்டினேன்.

அதைத்தான் செய்தேன். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா சொல்லட்டும் என்று அம்மா இருந்தாள், அம்மா சொல்லட்டும் என்று நான் இருந்தேன். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கையில் கொண்டுவந்த துணிப்பையைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். நாய் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு வந்தது. பையில் அப்பாவுக்குப் பிடித்த வர்க்கி பிஸ்கட் பொட்டலம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, எறும்புதான் தின்றது.

இதற்கு அடுத்த மாதம்தான் விளையாட்டு எழுத ஆரம்பித்தேன். அக்காவை நினைத்து எழுதினேன் என்று சொன்னால் பொய். அந்த வயதில் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தவனெல்லாம் ஏதாவது விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தான். கார் ஓட்டுவது, குண்டு போடுவது. எனக்கு ஒரு வீடு வரைய வந்தது, வரைந்தேன். திரையில் கட்டம் கட்டமாக ஒரு வீடு. கேட், வாசல், இடதுபக்கம் ஒரு கொய்யா மரம். உள்ளே மூன்று ஆட்கள், மூன்று பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் மோட்டார் ஓடுகிற மாதிரி டுக் டுக் என்று சத்தம் வைத்தேன். விளையாடுகிறவர் அம்புக்குறிகளை அழுத்தி வீட்டுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்த் திரும்பினால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் குறைந்திருப்பார். யாராவது ஒருத்தரைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டால் ஜெயித்த மாதிரி. எப்படித் திரும்ப வைப்பது என்பதை நான் எழுதவில்லை, எனக்கே தெரியவில்லை. கடைசி அறையின் கதவைத் தொட்டால், இதற்குமேல் இன்னும் எழுதவில்லை என்று வரும். எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ், அன்றைக்கு அதுதான் முடியும்.

வகுப்பு முடிந்ததும் மாணவர்களை உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். முதல் பையன் அம்புக்குறியை அழுத்தி கேட் வரைக்கும் வந்தான். அங்கே நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினான்.

"சார், ஹேங் ஆயிருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். மோட்டார் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அணைத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் கேட்டில் வந்து நின்றான், மறுபடியும் கையைத் தூக்கினான். அடுத்து உட்கார்ந்தவனும் அப்படியே. மூன்றாவதாக போத்தனூரிலிருந்து வரும் ஒரு பெண், அவளும் கேட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கேட்டுத் தொறந்துதானே இருக்குது? உள்ள போங்க."

"உள்ள ஆளுக இருக்கறாங்களேங்க சார்."

"இருந்தா?"

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாங்களே."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மேல் அம்புக்குறியை அழுத்தச் சொல்லி நாமே ஒரு வரி போட வேண்டும்போல என்று நினைத்து, கேட்டுக்குக் கீழே அதையும் எழுதினேன். அப்புறமும் முக்கால்வாசிப் பேர் அங்கேயேதான் நின்றார்கள். அந்த வாரம் பிரிண்டர் மாட்டுவதற்கு மெட்ராஸிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். அவரை உட்கார வைத்தேன். மனுஷர் மூன்று நொடியில் கேட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, கடைசி அறைக் கதவு வரைக்கும் போய்விட்டு, "அப்புறம் என்ன சார்?" என்றார். பின்னால் நின்ற என் மாணவர்கள் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். பூட்டாத வீட்டுக்குள் புகுந்துவிட்ட ஆளைப் பார்க்கிற பார்வை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுதான் விளங்கியது. இவர்கள் எல்லோரும் யாராவது வாங்க சொல்வார்கள் என்று நிற்கிறார்கள். பொம்மை வீடு, கோடு போட்டு வரைந்த ஆட்கள். இருந்தாலும் கூப்பிடாமல் உள்ளே போக அவர்களுக்குக் கால் வரவில்லை. அவள் நின்ற இடத்திலேயேதான் ஒவ்வொருவரையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

அப்போதாவது விளையாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கருத்து நோட்டு வைத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்பதைப் போல ஒரு வெட்டி வேலை கிடையாது. "விளையாட்டு நெம்ப நல்லா இருக்குதுங்க சார். நெம்பப் பயமா இருந்துச்சுங்க. தாங்கள் மேலும் வளர வாழ்த்துகள்." பக்கம் பக்கமாக இதேதான், கல்யாண மொய்க் கவரில் எழுதுகிற மாதிரி. ஒருத்தன் நிறம் அருமை என்று எழுதினான், கறுப்பு வெள்ளைத் திரையில் பார்த்துவிட்டு. ஒரே ஒருத்தன் குறை சொன்னான், அதுவும் எப்படி? "தப்பா நெனச்சுக்காதீங்க சார், முதுகு காட்டி உக்காந்திருக்கறவங்க ஒருக்கா மூஞ்சியக் காட்டுனாங்கன்னா நல்லா இருக்குமுங்க." இந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது என்று நோட்டைத் தூக்கி மேஜையில் அடித்தேன்.

உருப்படியாகச் சொன்னவர் கீழே பட்டறை வைத்திருந்தவர்தான். ஐம்பது வயதிருக்கும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். டீ வந்தால் எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு மேலே வருவார். கை முழுக்க கிரீஸ் என்பதால் கீபோர்டைத் தொடமாட்டார், நான் அழுத்த அழுத்தப் பார்ப்பார். அன்றைக்குக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"எழுதிக்கோங்க சார். இது எழவு ஊடுங்க."

"எழவு வீடெல்லாம் இல்லீங்க. யாரும் சாகல இதுல."

"அப்ப எதுக்குங்க வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம உக்காந்திருக்கறாங்க? சாவு உழுந்த ஊட்லதானுங்க வாங்கன்னு சொல்ல மாட்டாங்க. அங்க நாமளா உள்ள போயி, நாமளா உக்காந்து, போறேன் வாரேன்னு சொல்லாம நாமளா எந்திரிச்சு வந்தரோணும்."

நோட்டில் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். நல்ல கருத்து, இதை வைத்தே முடித்துவிடலாம் என்றுகூடச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

போத்தனூர்ப் பெண்ணுக்கு விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் முன்பு டைப்ரைட்டிங் படித்த இடத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், அங்கே போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டாள். பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தேன், கருத்து எழுத ஒரு தாளும் கொடுத்தேன். பங்குனி வெயில் ஆரம்பித்திருந்தது. நான்கு நாள் கழித்துத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். முதல் இரண்டு கருத்தும் வழக்கம்போல வாழ்த்து. மூன்றாவதைப் பார்த்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு என் பெயரை எழுதிக்கொடுத்த கையெழுத்து அது.

"கொய்யா மரம் வலதுபக்கம். நாயைக் காணோம், நாய் வந்தது. வெளியில் நிற்கிறவள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இதில் போடவில்லை."

பெயர் எழுதவில்லை. வாழ்த்தும் இல்லை.

"இது யாரு எழுதுனது?" என்றேன்.

"அங்க டைப்ரைட்டிங் சொல்லிக்குடுக்கற அக்காங்க சார். வயித்துல ஏழு மாசம். சித்த நேரம் ஒக்காந்து பாத்தாங்க. கேட்டுலயே நின்னாங்க, உள்ள போவவே இல்ல. மேல அமுத்துனா போலாமுங்க அக்கான்னேன். வேண்டாங் கண்ணு, இங்கயே இருக்கறேன்னாங்க."

அவள்தான் என் அக்கா என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

நாயை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் அவளைக் கூப்பிட்டது நாய் ஒன்றுதான், அதை உள்ளே வைத்தால் மற்ற மூன்று பேருக்கும் அசிங்கம். கொய்யா மரம் உண்மையிலேயே என் பிசகு, வீட்டுக்குள்ளே இருந்து பார்த்தால்தான் அது இடதுபக்கம். வெளியில் நிற்பவருக்காக எழுதிய விளையாட்டை உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் கண்ணால் வரைந்திருக்கிறேன். அவளுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். ஏழு மாசம் என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்க்க வேண்டும், அழைத்து வருவதற்கு உடன்பிறந்தவன் போக வேண்டும்.

"நீ போயி ஒரு வார்த்த வான்னு கூப்புடு சாமி. அவ வந்துருவா. உங்கப்பன நாம் பாத்துக்கறேன்."

"போறம்மா. ஒரு வேலை இருக்குது, அத முடிச்சுப்போட்டுப் போறேன்."

அந்த வேலை என்ன தெரியுமா? விளையாட்டுக்கு முடிவு எழுதுவது. கணபதியிலிருந்து போத்தனூருக்கு ஒரு பஸ் மாறிப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை, உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை அதிலேயே வைத்து பிளாப்பியாக அனுப்பிவிட்டால், அதைப் பார்த்துவிட்டு அவளே வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பயம். அவள் வீட்டு வாசலில் நான் போய் நின்று, அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வா என்று சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கொய்யா மரத்தை வலதுபக்கம் மாற்றினேன், பத்து நிமிட வேலை. நாய்க்கு மூன்று வாரம் ஆனது. வாலாட்ட வேண்டும் அல்லவா? ஒரு சாய்கோட்டை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போட்டு அழித்தால் வால் ஆடும். ஆனால் நாய் நகர்ந்தால் பழைய வால்கள் எல்லாம் வாசலிலேயே கிடந்தன. அதைச் சரிசெய்தால் நாய் கேட்டைத் தாண்டி ஓடியது. அப்புறம் ஜன்னலோரம் இருக்கிறவனை எழுப்பி வாசல் நிலைக்குக் கொண்டுவந்தேன். கேட்டில் ஆள் வந்த அந்த நொடியே அவன் எழுந்து வருவான், காத்திருக்கிற நேரம் பூஜ்யம். வந்து, "வாக்கா" என்பான். அவன் சொன்னதும் அம்மா திரும்புவாள், "வா கண்ணு" என்பாள். ஒரு வாய் திறந்தால் மற்ற வாய்களும் திறந்தாக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டருக்கு நான்கு வரியில் சொல்லிவிட முடிந்தது.

அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். அப்பா பேப்பரை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பினால் அவர் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வரைந்து வரைந்து அழித்தேன். ஒன்றில் கோபமாக இருந்தார், ஒன்றில் அழுகிற மாதிரி இருந்தார், ஒன்றில் யாரோ போல இருந்தார். சித்திரை பாதி போய்விட்டது. அம்மா எங்கள் ஊர் உரக்கடை போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். இதோ போறேன் என்றேன். அதுவும் பொய்யில்லை, முகத்தை முடித்துவிட்டுப் போகத்தான் இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வகுப்புக்கு போத்தனூர்ப் பெண் தாமதமாக வந்தாள். கையில் நோட்டு இல்லை. கதவோரம் நின்றாள்.

"வாங்க, உள்ள வாங்க. என்ன லேட்டு?" என்றேன்.

"இல்லீங்க சார். லீவு சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க. உங்க கேம்ல நாயக் காணோம்னு எழுதுனாங்களே, அந்த டைப்ரைட்டிங் அக்கா தவறீட்டாங்க சார். நேத்துப் பொழுதோட வலி வந்துருச்சு, மாசத்துக்கு முன்னாலயே. கொழந்த பொழச்சுக்குச்சுங்க."

என் முகம் எப்படிப் போனதோ, அந்தப் பெண் பயந்துபோய் கீழே ஓடிப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தாள். அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன், "அவ எங்க அக்காங்க" என்று. அவர் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு, என்னை உரக்கடைக்குப் போன் போட வைத்துவிட்டு, தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். போத்தனூர் வரைக்கும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன்.

ரயில்வே லைனை ஒட்டிய சின்ன வீடு. கேட் திறந்திருந்தது. வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிலைக்கு உள்ளே பெண்களின் முதுகுகள் தெரிந்தன. அக்காவின் கணவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அக்காவுக்கும் எனக்கும் மூக்கும் நெற்றியும் ஒன்று. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்டுக்கு உள்ளே ஓரடி வைத்து அங்கேயே நின்றேன். எழவு வீட்டில் வாங்க சொல்லமாட்டார்கள், அது முறை. சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் அந்த வாசலில் எல்லோரும் வாய் மூடி உட்கார்ந்திருந்தது முறைக்காகவா, எனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. கால் நகரவே இல்லை. எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. பட்டறைக்காரர் பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்தார்.

"உள்ள போலாமுங்க சார். இங்க யாரும் கூப்புட மாட்டாங்க. நாமளாத்தான் போவோணும்."

போனேன். அக்கா முகத்தைப் பார்த்தேன். "வாக்கா" என்று சொன்னேன், வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அங்கே சொல்லவே கூடாத வார்த்தை. ஒரு கிழவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன், பட்டறைக்காரர் என்னை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தார்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். அம்மா கேட்டைப் பார்க்கவே இல்லை, ஓடினாள். அப்பா கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். வாசலில் இருந்த ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். நான் வரைந்து வரைந்து அழித்த மூஞ்சி அதுதான். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

அதற்குப் பிறகு அந்தப் புரோகிராமைத் திறக்கவில்லை. அப்பா முகமில்லாமல் பிளாப்பியிலேயே கிடந்து கெட்டுப்போனது. வேறு மாணவர்கள் பழைய பிரதியைப் பட்டறைக்கு மேலே கொஞ்ச நாள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் வந்து நின்று, கையைத் தூக்கி, ஹேங் ஆயிருச்சுங்க சார் என்பார்கள். நான் கம்ப்யூட்டரை அணைப்பேன்.

அந்தக் குழந்தை இப்போது பெரிய பெண். அவள் அப்பா அவளை ஒவ்வொரு லீவுக்கும் தோட்டத்துக்கு அனுப்பினார், அந்த மனுஷருக்கு என்னைவிடப் பெரிய மனசு. அவள் பஸ் இறங்கி வளைவு திரும்புவதற்குள்ளேயே நான் "வா கண்ணு, வா வா" என்று கத்த ஆரம்பித்துவிடுவேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏனுங் மாமா இப்படி மானத்த வாங்கறீங்க என்பாள்.

போன தடவை வந்தபோது பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறி, அந்த நீள நோட்டை எடுத்துவிட்டாள். கருத்துகளைப் படித்துப் படித்துச் சிரித்தாள். நான் ஒட்டிவைத்திருந்த அக்காவின் தாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தன் அம்மாவின் கையெழுத்தை அவள் டைப்ரைட்டிங் நோட்டுகளில் பார்த்திருக்கிறாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னாங்க மாமா?"

இத்தனை வருடத்தில் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு மேலே கடிகாரம் இருந்தது. நான் புத்தகம் படிக்கவில்லை.

"பதினோரு நிமிசம் கண்ணு," என்றேன். "பாத்துட்டேதான் இருந்தேன்."

அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். என் அம்மாவிடம் வாரேன் என்றாள், என் அப்பாவிடமும் சொன்னாள், இப்போது இருக்கிற நாயின் தலையைத் தடவினாள். கேட்டைத் திறந்துகொண்டு நேராக நடந்தாள். என்னிடம் வாரேன் என்று சொல்லவில்லை. வளைவு திரும்பும்வரை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.